மார்பகம் எங்கே முடிகிறது?

கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் தேர்ந்த ஒன்பது கதிர்வீச்சு மருத்துவர்களிடம் மூன்று நோயாளிகளின் சிடி ஸ்கேன்களைக் கொடுத்து, கதிர் படவேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார்கள். எல்லோருக்கும் அதே படங்கள்தான். ஆனாலும் சில பகுதிகளில் கோடுகள் ஒத்துப்போனது வெறும் 10 சதவீதம்!

பழைய மருத்துவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 1920-களில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் (பொருளாதார மேதை கெய்ன்ஸின் தம்பி) மார்பகத்தை வெட்டியெறியாமல் ரேடியம் ஊசிகளைச் செருகினார். மார்பில், அக்குளில், காறை எலும்புக்கு மேலே, விலா இடுக்குகளில். நெஞ்சுத் தசையையும் சேர்த்து அகற்றும் ஹால்ஸ்டெட் அறுவைதான் அன்றைய வேதம். கெய்ன்ஸின் துணிச்சலுக்கு உரிய மரியாதை அப்போது கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு பெரிய இயந்திரங்கள் வந்தன. மேலே காறை எலும்பின் தலை, உள்ளே மார்பெலும்பின் நடுக்கோடு, வெளியே அக்குளின் நடுக்கோடு, கீழே மார்பு மடிப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். தோலில் மையால் குறித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாகக் கதிரைச் செலுத்தினார்கள், அவ்வளவுதான். மார்பகம் எது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கதிர் எங்கே போகும் என்று சொன்னால் போதும்.

இந்தக் கச்சா முறை வேலை செய்தது. 1976-ல் பெர்னார்ட் ஃபிஷர் குழு தொடங்கிய பி-06 ஆய்வின் 20 ஆண்டு முடிவைப் பாருங்கள்: கட்டியை மட்டும் நீக்கிய பெண்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3.

விலையை இதயம் கொடுத்தது. 1958 முதல் 2001 வரை ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்த சாரா டார்பி குழு 2013-ல் சொன்னது: இதயம் சராசரியாக வாங்கும் ஒவ்வொரு கிரே கதிருக்கும் மாரடைப்பு போன்ற பெரும் இதயநோய் நிகழ்வுகள் 7.4 சதவீதம் கூடுகின்றன. இடது மார்புக்குச் சிகிச்சை என்றால் அந்தச் சராசரி 6.6 கிரே, வலதுக்கு 2.9. கோடு சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் யாரோ ஒருத்தியின் பத்து வருஷம் கழித்த கதை மாறும்.

ஆக, கோட்டைச் சரியாகப் போட்டாகவேண்டும். 1993-ல் ஐசிஆர்யு என்ற சர்வதேச ஆணையம் இலக்கை மூன்று அடுக்காகப் பிரித்தது: கண்ணுக்குத் தெரியும் கட்டி, தெரியாமல் பரவியிருக்கக்கூடிய பகுதி, அசைவுக்கும் பிழைக்கும் விடும் ஓரம். இங்கேதான் சிக்கல். அறுவைக்குப் பிந்தைய மார்பில் முதல் அடுக்கே இல்லை, அதை அறுவை மருத்துவர் எடுத்துவிட்டார். மிச்சத்தில் சுரப்பி எங்கே முடிகிறது, கொழுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஸ்கேனும் தெளிவாகக் காட்டாது.

ஒன்பது பேரும் ஒத்துப்போகாத பிறகு பொது வரைபடங்கள் வந்தன. அமெரிக்க ஆர்டிஓஜி வரைபடம் பழைய எல்லைகளை ஒட்டியே போனது. கழுத்தில் குரல்வளையின் வளையக் குருத்தெலும்பு வரை ஏறியது. 2015-ல் ஐரோப்பிய எஸ்ட்ரோ எலும்பை விட்டுவிட்டு ரத்தநாளத்தைப் பிடித்தது: நிணநீர்க் கணுக்கள் சிரைகளை ஒட்டியே இருப்பதால் சிரையைச் சுற்றி 5 மில்லிமீட்டர். தர்க்கம் அழகானது, என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் பழைய அகலமான கதிர்கள், யாரும் குறிவைக்காத அக்குளின் கீழ்ப்பகுதியையும் தொட்டுக்கொண்டு போயின. பழைய நிரலில் காரணம் எழுதப்படாத ஒரு வரியை நீக்கப்போகிறவனின் கை தயங்குமே, அந்த மாதிரி. அன்றைய நல்ல முடிவுகளில் அந்த ஓசி டோஸுக்குப் பங்கு உண்டா? கோடு கச்சிதமாகும்போது அதுவும் சேர்ந்தே போகிறது.