கண் கூசுகிறதா? சாதாரணக் கண் வலி என்று விட்டுவிடாதீர்கள்

கண் சிவந்தால் தோட்டத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, முதலில் தேடுவது கறுப்புக் கண்ணாடியைத்தான். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. உண்மையில் கண் வலி பார்வையால் பரவாது. கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் பரவுகிறது. ஆனால், வெளிச்சம் தாங்க முடியாமல் கண்ணாடி போடுபவரின் நிலை வேறு.

சாதாரணக் கண் வலியில், வெள்ளை விழியை மூடியுள்ள மெல்லிய சவ்வு சிவக்கிறது. பீளை தள்ளும், அரிக்கும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கண் கூசினாலும் லேசாகத்தான் இருக்கும். கண்ணைத் திறக்கவே முடியாத அளவுக்குக் கூசினால், தொற்று கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தைத் தாக்கியிருக்கலாம். கண்ணின் உட்பகுதியும் வீங்கியிருக்கலாம்.

அந்தப் படலத்தில் நரம்புகள் மிக நெருக்கம். சிறு புண்ணுக்கே வலி உயிர்போகும். மேலும், வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்குகிறது. வீங்கிய தசை இழுபடும்போது வலிக்கிறது. இரு கண்மணிகளும் ஒன்றாகவே சுருங்குவதால், நல்ல கண்ணில் டார்ச் அடித்தாலும் நோயுள்ள கண் வலிக்கலாம். மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாகச் செய்வதுண்டு.

செம்பனை வெட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குலையோ மட்டையோ விழும்போது தூசியும் சிராயும் கண்ணில் தெறிக்கும். அந்தக் கீறல் வழியே பூஞ்சை உள்ளே போனால், புண் மெதுவாக, சில நாள் கழித்தே தெரியவரும். அதற்குள் தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விட்டுப் பார்ப்பது வீண் ஆபத்து. அதைவிட மோசமானது, பக்கத்து வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலியும் அடங்கும். பூஞ்சையோ உள்ளே தடையின்றி வளரும். பார்வையே போகலாம். ஹெர்பீஸ் கிருமிப் புண்ணுக்கும் இதே கதிதான்.

கான்டாக்ட் லென்ஸ் போடும் இளையோர், கண் கூசியவுடன் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணைத் துணியால் இறுகக் கட்டக்கூடாது. கறுப்புக் கண்ணாடி போதும்.

காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்போடு வெளிச்சமும் கூசினால் அது கண் நோயாக இல்லாமல் மூளைச்சவ்வுக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கிளினிக் போகும்போது, ஏற்கெனவே விட்ட சொட்டு மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.