புகார் நகரத்துக்கு ஓர் இருட்டுச் சவாரி

போன மாதம் அக்கா குடும்பத்தோடு அமிர்திக்குப் போயிருந்தோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலைக் காட்டுக்குள் 1967ல் தொடங்கிய ஒரு சிறிய விலங்குப் பூங்கா, ஓர் ஓடை, தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஓர் அருவி. அவ்வளவுதான் அமிர்தி. அக்கா பையனுக்கு எட்டு வயது. மான், மயில் எல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு "அவ்ளோதானா மாமா?" என்று கேட்டுவிட்டான்!

திரும்பும்போது பஸ் தாமதம். மலைப்பக்கம் சீக்கிரமே இருட்டிவிடும். டீக்கடையில் ஒரே ஒரு குண்டு பல்பு. தூரத்தில் வளைவுகளில் திரும்பும் வண்டி வெளிச்சம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பையன் அந்த வெளிச்சங்களை எண்ண ஆரம்பித்தான். பதினேழு வரை எண்ணியபின், "இதுதான் மாமா நல்லா இருக்கு" என்றான். பகல் முழுக்க அவனுக்குக் காட்டியதைவிட, இருட்டில் நகரும் சில விளக்குகள் அவனைப் பிடித்துக்கொண்டன.

இதை ஒரு தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டுவதற்குப் பெயர் டார்க் ரைடு. தமிழில் 'இருட்டுச் சவாரி' என்று சொல்லலாமா? நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் வரும் பேய் வீடு இதன் ஏழைத் தம்பி. கட்டடத்துக்குள் தண்டவாளத்திலோ தண்ணீரிலோ ஒரு வண்டி மெதுவாகப் போகும். சுவரெல்லாம் கறுப்பு. எதைப் பார்க்க வேண்டுமோ அதன்மேல் மட்டும் வெளிச்சம். ஒரு காட்சி முடிந்து வண்டி திரும்பினால்தான் அடுத்தது தெரியும். பயமுறுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. பாட்டியும் பேரனும் ஒரே வண்டியில் உட்கார்ந்து பார்க்கிற கதை சொல்லும் சவாரிகளும் உண்டு.

ஒரு பழைய ஆசிய நகரத்துக்குள் அப்படிக் குடும்பத்தோடு போய்வர ஒரு சவாரி அமைத்தால் எப்படி இருக்கும்? அதுவும் நம்முடைய நகரமாக இருந்தால்? அதுதான் இந்தக் கட்டுரை.

மூன்று முன்மாதிரிகள்

முதலாவது நெதர்லாந்தில், எஃப்டெலிங் பூங்காவில் இருக்கும் 'ஃபாட்டா மோர்கானா'. 1986ல் திறந்தார்கள். படகில் உட்கார்ந்தால் ஆயிரத்தொரு இரவுகள் பாணியில் ஒரு கீழை நகரத்துக்குள் போவீர்கள். சந்தை, அரண்மனை, புதையல் எல்லாம் உண்டு. மிக அழகான வேலை. ஆனால் அந்த நகரம் எந்த வரைபடத்திலும் இல்லை. ஐரோப்பியர் கற்பனை செய்த 'கிழக்கு' அது. அங்கே பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பதால் "எங்கள் ஊர் இப்படி இல்லையே" என்று கேட்கவும் ஆள் இல்லை.

இரண்டாவது இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள 'ஜோர்விக்'. 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் என்ற இடத்தில் அகழாய்வு நடந்தது. வைக்கிங் காலத்து வீடுகள், செருப்பு, சீப்பு, கழிவுக்குழி என்று எல்லாம் கிடைத்தன. 1984ல் அதே இடத்தின் அடியில் அந்தத் தெருவையே திரும்பக் கட்டி, அதன் வழியே வண்டியில் போகும்படி செய்தார்கள். மீன் வாசம், புகை வாசம், சாக்கடை நாற்றம்கூட உண்டு! அகழாய்வில் கிடைத்த மண்டையோடுகளை வைத்துச் சில பொம்மைகளின் முகத்தை வடித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லியில் 2005ல் திறந்த அக்ஷர்தாம் வளாகத்தில் ஒரு படகுச் சவாரி உண்டு. சுமார் 12 நிமிடத்தில் தட்சசீலம் போன்ற பழைய இடங்களைக் கடந்து இந்திய வரலாற்றைக் காட்டிவிடுகிறார்கள். அத்தனை நூற்றாண்டுகளை 12 நிமிடத்தில் அடக்கினால் எந்த ஊரிலும் இறங்கி நிற்க நேரம் இருக்காது, இல்லையா?

இந்த மூன்றில் என் ஓட்டு ஜோர்விக்குக்குத்தான். ஒரே ஊர், ஒரே தெரு, ஆதாரம் உள்ள பொருட்கள்.

ஏன் புகார்?

காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினம் என்ற புகார், சோழர்களின் துறைமுகம். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். அதைக் குடும்பங்கள் வந்து பார்க்கும்படி செய்ய வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1973ல் கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்தபோது அங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஏழு நிலை மாடம், உள்ளே கல்லில் செதுக்கிய காப்பியக் காட்சிகள். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு நடந்து போகிறோம். யோசித்துப் பார்த்தால் இதுவும் சவாரிக்குப் பக்கத்துச் சொந்தம்தான். வண்டி மட்டும் இல்லை.

ஆனால் அது கண்ணகியின் கதையைச் சொல்கிறது. நான் சொல்ல நினைப்பது ஊரின் கதை. மீன் விற்றவர், அப்பம் சுட்டவர், மூட்டை காத்தவர் ஆகியோரின் கதை.

அதற்கு ஆதாரம் இருக்கிறதா? மூன்று இடத்தில் இருக்கிறது.

ஒன்று மண். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கீழையூரில் செங்கல் மேடையும் மரத்தூண்களும் கிடைத்தன. படகுகள் வந்து நின்ற துறை அது என்கிறார்கள். அந்த மரத்தின் காலம் கார்பன் கணிப்பில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. பல்லவனீச்சரத்தில் ஒரு புத்த விகாரமும், வானகிரியில் நீர்த்தேக்கமும் வெளிப்பட்டன.

இரண்டாவது பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பாட்டு. மூன்றாவது சிலப்பதிகாரம். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889லும் சிலப்பதிகாரத்தை 1892லும் அச்சில் கொண்டுவந்ததால்தான் இந்த ஊர் நமக்குத் திரும்பக் கிடைத்தது என்றே சொல்லலாம். சிலப்பதிகாரம் எப்போது எழுதப்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதனால் சவாரியின் வாசலில் "பாட்டு சொல்வது இது, மண் சொல்வது இது" என்று இரண்டையும் பிரித்து எழுதி வைத்துவிட வேண்டும். வரலாற்றுச் சவாரி என்று பெயர் வைத்தால் அந்த நேர்மை கட்டாயம்.

சவாரி புறப்படுகிறது

வண்டி எது? உப்புப் படகு. உள்நாட்டில் உப்பை விற்று, பதிலுக்கு நெல் ஏற்றி வந்த படகுகளைத் துறையில் வரிசையாகக் கட்டியிருப்பது லாயத்தில் குதிரைகளைக் கட்டியதுபோல இருந்தது என்கிறது பட்டினப்பாலை. பாட்டில் படகு கட்டிய தறி, கீழையூரில் மரத்தூண். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் நாம் படகில் ஏற வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. படகுக்கு 12 பேர், 20 வினாடிக்கு ஒரு படகு என்றால் மணிக்கு 180 படகு, 2160 பேர். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஆறு நிமிடம் போனால் 180 மீட்டர் வாய்க்கால் போதும். ஒரு பெரிய கல்யாண மண்டபம் அளவு இடத்தில் வளைத்து வளைத்துக் கட்டிவிடலாம்.

முதல் காட்சி அந்திப்பொழுது. ஒரு வீட்டு முற்றத்தில் நெல் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. அந்த வீட்டுப் பெண் காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றிக் கோழிமேல் எறிகிறாள். அது உருண்டு போய், குழந்தை ஓட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக்கொள்கிறது. இதுவும் பட்டினப்பாலையில் உள்ளதுதான். செல்வச் செழிப்பைக் காட்ட இதற்குமேல் ஒரு காட்சி வேண்டுமா? சக்கரம் சிக்கி நிற்கும் அந்தக் குழந்தையை எட்டு வயதுப் பையன் மறக்கவே மாட்டான்.

இரண்டாவது சுங்கம். மூட்டைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. வரி முடிந்த பொருளின்மேல் சோழனின் புலி முத்திரை விழுகிறது. கடல்வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு, குடமலைச் சந்தனமும் அகிலும். ஜோர்விக்கில் செய்ததுபோல இங்கே வாசனையைத் திறந்துவிடலாம். எங்கள் ஜவ்வாது மலையும் சந்தனத்துக்குப் பேர்போனது என்பதால் ஒரு கட்டை அமிர்தியிலிருந்து போகட்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் பாட்டு சொல்வது மேற்கு மலைச் சந்தனத்தை. ஆசைக்காக மாற்றக்கூடாது!

பத்து விளக்குகள்

மூன்றாவது காட்சிதான் சவாரியின் உயிர். படகு முழு இருட்டுக்குள் நுழைகிறது. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணிகூட ஆகும். ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே பெரிய மாற்றம் தெரியும். அதனால்தான் முற்றத்தை அந்தியிலும் சுங்கத்தை அதைவிட மங்கலாகவும் வைத்துக்கொண்டு வந்தோம்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலும் விடியும் முன்னே ஊரைக் கடந்து கடற்கரைக்குப் போகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் இளங்கோவடிகள் விளக்குகளை வரிசையாக அடுக்குகிறார். சாந்தும் பூவும் விற்பவர் விளக்கு, கைவினைக் கம்மியர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, கடை வைத்திருக்கும் பெண்களின் விளக்கு, நடுநடுவே மீன் விற்பவர் விளக்கு, கலங்கரை விளக்கு, பரதவரின் மீன்படகு விளக்கு, வேற்று மொழி பேசும் அயல்நாட்டார் வீடுகளில் அணையாத விளக்கு, பண்டகசாலைக் காவலரின் விளக்கு. மொத்தம் பத்து. எல்லாம் சேர்ந்த வெளிச்சத்தில், மாவு போன்ற மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் கண்டுபிடித்துவிடலாமாம்.

கவனித்தீர்களா? இந்தப் பத்தில் அரசன் விளக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாமே வேலை செய்பவர்களின் விளக்கு. இருட்டு, நகரும் வண்டி, ஒவ்வொன்றாகத் தெரியும் வெளிச்சம்... ஓர் இருட்டுச் சவாரிக்கு வேண்டிய அத்தனையும் அந்தக் காதையிலேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த வரிசையைக் கெடுக்காமல் இருப்பதுதான்.

அலை வேண்டுமா?

இந்த யோசனையை நண்பர்களிடம் சொன்னேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: "கடைசியில் கடல் வந்து ஊரை விழுங்குமே, அதை எப்படிக் காட்டப் போகிறாய்?"

நியாயமான கேள்விதான். இந்திர விழா நின்றதால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. சவாரி கட்டுபவர்களுக்கு இது அல்வா மாதிரி. பெரிய அலை, சத்தம், படகு ஆட்டம், முகத்தில் தண்ணீர், அலறல், சிரிப்பு. முடிந்தது.

ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தமிழ்நாட்டிலேயே அதிகமான உயிர்கள் போனது அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில். பூம்புகாரும் வானகிரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன, அந்த அலை அங்கேயும் வந்தது. நாளைக்கு இந்தப் படகில் அந்த ஊர் மீனவக் குடும்பம் ஒன்று உட்கார்ந்தால், அவர்கள் முகத்தில் நாம் தண்ணீரைத் தெளித்து "எப்படி இருந்தது?" என்று கேட்க முடியுமா? குடும்பச் சவாரி என்கிறோமே, எந்தக் குடும்பம்?

வரலாறும் அந்த அலையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே நாளில் ஊர் மூழ்கியது என்று அகழாய்வு நிரூபிக்கவில்லை. கடலரிப்பு மெல்ல மெல்லக் கரையைத் தின்றிருக்கலாம். தெற்கே தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அப்படித்தான் கொண்டுபோனது. புகாரின் அழிவைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது குறைவு. அதன் வாழ்வைப் பற்றித் தெரிந்ததோ நிறைய.

ஆகவே என் சவாரியில் அலை கிடையாது.

அப்படியானால் முடிவு? அதையும் பட்டினப்பாலையே தருகிறது. விடியும் நேரத்தில், இரவெல்லாம் கடலில் இருந்த பரதவர்கள் படகிலிருந்தபடி ஊரின் உயர்ந்த மாடங்களைப் பார்த்து, இன்னும் எரிகிற விளக்குகளை எண்ணுகிறார்கள். கடைசிக் காட்சியில் நம் படகும் கடலுக்குள் போய் மெதுவாகத் திரும்புகிறது. முன்னால் கறுப்புத் தண்ணீர். தூரத்தில் புகார். பேச்சு இல்லை, இசை இல்லை. எந்த விளக்கு யாருடையது என்று இப்போது நமக்குத் தெரியும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே கிழக்கு வெளுத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மங்குகின்றன. படகு துறைக்கு வந்துவிடுகிறது.

இதை அக்கா பையனிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த மீன் படகுல இருக்கறவங்க எத்தனை எண்ணுனாங்க மாமா?" என்றான். பாட்டில் கணக்கு இல்லையடா என்றேன். "அப்போ நான் போய் எண்ணிச் சொல்றேன்" என்றான்.

அவனுக்காகவாவது யாராவது இதைக் கட்டினால் நன்றாக இருக்கும். உங்களுக்கு அந்தப் பத்தில் எந்த விளக்கின் பக்கத்தில் படகை நிறுத்த ஆசை? எனக்கு அப்பம் சுடுபவரிடம்!