புளூஸும் பாங்கோசையும்: ஒரு நெடுங்குரலின் வரலாறு

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் வெளியிட்ட ‘வூடூ சைல்’ என்னும் பாடல் ஏறத்தாழப் பதினைந்து நிமிடம் நீள்வது. தாளம் தயங்கித் தயங்கி நடக்க, மின்கிதார் ஒரு சுரத்தை வளைத்தும் நீட்டியும் விம்முகிறது. பாடுவோனின் குரல் அதற்கு விடை பகர்கிறது. சைக்கடெலிக் ராக் எனப்படும் இவ்வகையின் தாய், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையாகும். அந்தத் தாயின் வேர்களைத் தேடிய ஆய்வாளர் சிலர் மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களிடம் வந்து சேர்ந்துள்ளனர்.

அடிமைக் கப்பல்களில் கொண்டு செல்லப்பட்டோருள் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தனர். ஃபூத்தா தோரோவைச் சேர்ந்த உமர் இப்னு ஸயீத், வட கரோலினாவில் அடிமையாயிருந்தபோதே 1831இல் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். ஜார்ஜியாவின் சப்பேலோ தீவில் வாழ்ந்த பிலாலி முஹம்மது விட்டுச்சென்ற 13 பக்க அரபிச் சுவடி, நாட்குறிப்பென நெடுநாள் கருதப்பட்டது. படித்துப் பார்த்தபோது, அது மாலிக்கீ மத்ஹபின் புகழ்பெற்ற ஃபிக்ஹு நூலாகிய இப்னு அபீ ஸைதின் ‘ரிஸாலா’வைத் தழுவியதெனத் தெரியவந்தது.

ஏடுகள் அருகின, குரல் எஞ்சியது. 1739இல் தென் கரோலினாவில் நிகழ்ந்த ஸ்டோனோ கிளர்ச்சியையடுத்து, மறு ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு முரசைத் தடை செய்தது. முரசை நம்பியிராத, தந்திக்கருவியும் தனிக்குரலும் கொண்ட ஸாஹில் பகுதி மரபு இத்தகைய சூழலில் பிழைக்க இடமிருந்தது என்பர். மிசிசிப்பிச் சிறைப்பண்ணையில் 1940களின் இறுதியில் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த ‘லெவி கேம்ப் ஹாலர்’ என்னும் உழைப்போர் கூவலைப் பாங்கோசையோடு அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து ஒப்புமை காட்டினார், வரலாற்றாசிரியர் சில்வியான் தியூஃப். ஒரே உயிரெழுத்தில் பல சுரங்கள் அலைவதும், இடையில் நீண்ட மௌனம் நிற்பதும் இரண்டிலும் உள.

ஆயின் ஈண்டு எச்சரிக்கை வேண்டும். பாங்கு இசையன்று, தொழுகைக்கான அழைப்பு. ஒலி ஒப்புமை வழித்தோன்றலுக்குச் சான்றாகிவிடாது. புளூஸுக்கு வேர்கள் பல. அவற்றுள் ஒன்று முஸ்லிம்களுடையது என்பதே அறிவு நேர்மையுடன் சொல்லத்தக்கது.

கடல் கடந்த இச்செய்தியில் மகிழும் நாம், நம் அண்டையிலுள்ள நெடுங்குரலைக் கேட்டோமா? தொண்டிக்கு அருகில் குணங்குடியில் 1792இல் பிறந்த மஸ்தான் சாகிபு (ரஹ்) வடசென்னையில் தங்கி, 1838இல் மறைந்து, அங்கேயே அடக்கமானார். பராபரக் கண்ணி, எக்காலக் கண்ணி முதலிய அவர்தம் கண்ணிகள் ஈரடியில் இறைஞ்சி, ஒரே சொல்லில் மீண்டும் மீண்டும் வந்து நிற்பவை. இராயபுரம் முதல் மாதவரம் வரை உழைக்கும் மக்களின் இழவு வீடுகளில் ஒலிக்கும் கானாவின் வேர்களுள் ஒன்றாக அவர் பாடல்களைச் சுட்டுவோர் உளர். இங்கும் வேர்கள் பல. சித்தர் பாடலும் ஒப்பாரியும் அதில் கலந்துள்ளன.

இசைக்கருவி பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு. வரலாற்றைப் பதிவு செய்யும் கடமை வேறு. மிசிசிப்பிக் கைதியின் கூவலைப் பதிவு செய்ய ஒருவர் முன்வந்ததாலேயே இன்று நாம் அதை ஆராய முடிகிறது. மஸ்தான் கண்ணிகளை மரபான மெட்டில் ஓதும் முதியோர் குரலும், இழவு வீட்டுக் கானாவும் பதிவாகாது போனால், பிற்காலத்தார்க்கு ஒப்பிட்டு ஆராய ஏதும் எஞ்சாது.