சாவோ பாவ்லோ: காப்பித் தோட்டமும் ஆலைத் தொழிலாளரும்

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 1554இல் இயேசு சபையினர் நிறுவிய சமயப்பணி நிலையமாகத் தோன்றியது. 1872இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 31,000. 1900இல் ஏறத்தாழ 2,40,000. இவ்வளர்ச்சிக்குக் காப்பியே காரணம் என்பது வழக்கமான விளக்கம். சாந்தோஸ் துறைமுகத்திற்கு இருப்புப்பாதை 1867இல் திறக்கப்பட்டதும், காப்பி வணிகத்தில் திரண்ட மூலதனம் நெசவாலைகளுக்குச் சென்றதும் உண்மையே. ஆயினும் ஆலைகளில் யார் வேலை பெற்றனர் என்பதை மூலதனம் மட்டும் விளக்காது.

1888இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழியினருக்கு நிலமோ இழப்பீடோ வழங்கப்படவில்லை. அதே காலத்தில் சாவோ பாவ்லோ அரசு பொதுப்பணத்தில் கப்பற்கட்டணம் செலுத்தி ஐரோப்பியரை, பெரும்பாலும் இத்தாலியரை, வரவழைத்தது. பிராஸ் பகுதியின் குடியேறிகள் விடுதியிலிருந்து அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்; பலர் பின்னர் நகருக்குத் திரும்பி ஆலைத் தொழிலாளராயினர். விடுதலை பெற்றோருக்குப் பெரிதும் எஞ்சியவை சுமைதூக்குதல், வீட்டுவேலை போன்ற நிலையற்ற பணிகளே. இவ்வேறுபாட்டை உருவாக்கியதில் அரசின் பங்கு சந்தையின் பங்கினும் பெரிது எனலாம்.

வரவழைக்கப்பட்டோரின் நிலையும் மேம்பட்டதாக இல்லை. 1917இல் மோக்கா பகுதியின் கிரெஸ்பி பருத்தியாலையில் தொடங்கிய போராட்டம், காலணித் தொழிலாளி ஒசே மார்த்தினெஸ் கொல்லப்பட்டபின் பொது வேலைநிறுத்தமாக விரிந்தது. ஆலை உரிமையாளர்கள் 20 விழுக்காடு ஊதிய உயர்வுக்கு இசைந்த பின்னரே அது முடிவுற்றது.