ஆங்கில ஆய்வுரைநடையிற் பயின்றுவரும் சொற்கோவைகள்

இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்றுச் சொல்வளமும் பெற்ற ஒருவர் ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை வரைந்தவிடத்தும், அது பிறமொழியாளர் எழுத்தென்பது சில பக்கங்களிலேயே புலனாகிவிடுவதுண்டு. பிழை யாதும் இல்லாதபோதும் இவ்வேறுபாடு தோன்றுவது எதனால்? இருபதாம் நூற்றாண்டின் மொழியறிஞர் பலரை ஈர்த்த வினா இதுவாகும்.

இவ்வாராய்ச்சியின் குறிப்பிடத்தக்க தொடக்கம் இங்கிலாந்திலன்றி யப்பானிலே நிகழ்ந்தது. 1922 இல் தோக்கியோ சென்ற ஹரல்ட் பாமர், அடுத்த ஆண்டில் ஆங்கிலம் கற்பித்தற்கான ஆராய்ச்சி நிலையமொன்றை அங்கு நிறுவினார். அந்நிலையம் 1933 இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டது. இத்தகைய சேர்க்கைகள் உறுப்புச் சொற்களை ஒட்டி அமைத்துக் கொள்ளத்தக்கன அல்ல, முழுமையாகவே கற்கப்பட வேண்டியன என்பது பாமரின் துணிபு. அவருடன் பணியாற்றிய ஹோண்பியும் பிறரும் தொகுத்த அகராதி 1942 இல் தோக்கியோவில் வெளிவந்து, 1948 இல் ஒக்ஸ்போட் பதிப்பாயிற்று. தாய்மொழியாளர் பழக்கத்தினாற் காணாதுவிட்டதை அயன்மொழி மாணவரின் இடர்ப்பாடே வெளிக்கொணர்ந்தது.

1951 இல் பேர்த் என்பார், ஒரு சொல்லின் பொருளில் ஒரு கூறு அதனை அடுத்து வருஞ் சொற்களாலே பெறப்படும் என விளக்கினார். இக்கொள்கையை எண்ணி அளந்து காணக் கணினி துணைசெய்தது. 1961 இல் அமெரிக்காவில் அச்சான நூல்கள், பத்திரிகைகளிலிருந்து 500 பகுதிகளைத் தெரிந்து, ஏறத்தாழப் பத்து இலட்சம் சொற்கொண்ட தொகுதியைப் பிரவுண் பல்கலைக்கழக அறிஞர் 1964 இல் அமைத்தனர். 1999 இல் டக்ளஸ் பைபரும் பிறரும் வெளியிட்ட பேரிலக்கணம், பத்து இலட்சம் சொற்களிற் பத்துமுறையேனும், ஐந்து நூல்களிலேனும் பயிலும் நாற்சொற்கோவைகளைத் தனியே வகுத்தது. 'ஒன் த அதர் ஹான்ட்', 'இன் த கேஸ் ஒவ்' என்பன ஆய்வுரைக்கு உரியவை.

பிறமொழி மாணவரின் எழுத்துகளைத் தொகுக்கும் பணியை 1990 இல் பெல்சிய நாட்டு லூவேன் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிரேஞ்சர் தொடங்கினார். நோர்வே மாணவர் எழுத்தை ஆராய்ந்த ஹசல்கிரென், பழகிய சில சொற்களையே அவர்கள் விடாது பற்றுவதைக் குழந்தை பஞ்சுக்கரடிப் பொம்மையை அணைத்திருத்தலுக்கு 1994 இல் ஒப்பிட்டார். சுவீடன் மாணவரையும் பிரித்தானிய மாணவரையும் ஒப்புநோக்கிய ஏடல், ஏர்மன் இருவரும், தாய்மொழியாளர் கையாளும் கோவைகள் தொகையாலும் வகையாலும் மிக்கன என்றும், கூற்றின் உறுதியைத் தணித்துரைக்கும் கோவைகளும் அவற்றுள் அடங்கும் என்றும் 2012 இற் காட்டினர்.

இது நடையழகு பற்றிய செய்தி மட்டுமன்று. 'இவ்வாறு கருத இடமுண்டு' என்னும் பொருள்படுந் தொடர் கைவராதவர், தாம் ஐயுறுவதையும் முடிந்த முடிபாக எழுதிவிடுவர். நிதானமுள்ள ஆராய்ச்சியாளர் துணிச்சற்காரராகத் தோன்ற நேர்வதும், அவரது கருத்து அக்காரணத்தாற் புறக்கணிக்கப்படுவதும் கூடும்.

எனினும், ஆய்வுரை எவர்க்கும் பிறப்புரிமையன்று. ஆங்கிலேய மாணவரும் அதனைப் பயின்றே பெறுகின்றனர். தமிழ் உரையாசிரியரின் 'என்றவாறு', 'எனக் கொள்க' என்பனவும் வீட்டுப் பேச்சில் வந்தனவல்ல, ஏடுகளைப் பயின்றோர் வழிவழி பெற்றனவே. ஆதலின், இலக்கண விதிகளோடு அமையாது, நல்ல ஆய்வுரைகளை வாசித்து அவற்றின் தொடர்களைப் பயன்பாடு அறிந்து தொகுத்துக்கொள்ளுதல் பிறமொழி மாணவர்க்கு இன்றியமையாததாகும்.