கிறிஸ்துமஸ் விடுமுறையில் பந்து உதைத்த பெண்கள்

1917 டிசம்பர் 25. இங்கிலாந்தின் வடக்கே பிரெஸ்டன் என்ற ஆலை நகரம். முதல் உலகப் போர் தொடங்கிய பின் வந்த நான்காவது கிறிஸ்துமஸ் அது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்ததால் சர்க்கரை கிடைப்பதே குதிரைக்கொம்பு. சர்க்கரை இல்லாமல் பிளம் புட்டிங் எப்படிச் செய்வது? (நம் ஊரில் வெல்லம் இல்லாத பொங்கல் மாதிரி!) பல வீடுகளில் அப்பாவோ அண்ணனோ போர்முனையில். சாப்பாட்டு மேசையில் அவர்கள் இடம் காலி.

சாதாரண காலமாக இருந்தால் ஆண்கள் கால்பந்து பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். அப்போதெல்லாம் அங்கே கிறிஸ்துமஸ் அன்றே லீக் ஆட்டம் உண்டு. மறுநாள் 'பாக்சிங் டே'யிலும் உண்டு. பெயரைப் பார்த்துக் குத்துச்சண்டை என்று நினைத்துவிட வேண்டாம்! வேலையாட்களுக்குப் பெட்டியில் அன்பளிப்பு கொடுக்கும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஆண்கள் மைதானத்தில் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்... அடுப்படிதான்.

ஆனால் 1915-லேயே லீக் போட்டிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆடுகிறவர்கள் போருக்குப் போனார்கள். அவர்கள் செய்த வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். பிரெஸ்டனில் 'டிக், கெர்' என்ற தொழிற்சாலை அதுவரை டிராம் வண்டிகள் செய்துவந்தது. போர் வந்ததும் பீரங்கிக் குண்டுகள் செய்தது. அங்கே வேலை பார்த்த பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் பையன்களோடு பந்து உதைத்துப் பழகினார்கள். ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் என்ற அலுவலக ஊழியர் அதைப் பார்த்து ஓர் அணியாகத் திரட்டினார்.

அந்த அணிதான் 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் இறங்கியது. எதிரணி இன்னொரு தொழிற்சாலைப் பெண்கள். பார்க்க வந்தவர்கள் சுமார் 10,000 பேர். டிக், கெர் அணிக்கு 4-0 வெற்றி. வசூலான சுமார் 600 பவுண்டு, காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குப் போனது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் போர் முடிந்துவிட்டது. அந்த வருடப் பண்டிகை வீடுகளில் இன்னொரு பேச்சும் ஓடியிருக்கும். 1918 டிசம்பர் 14 அன்று பொதுத்தேர்தல் நடந்தது. பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்குப் பெண்கள் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் அதுதான். வெளிநாட்டிலிருந்த சிப்பாய்களின் வாக்குகளும் வந்து சேர வேண்டும் என்பதால் டிசம்பர் 28-ல்தான் எண்ணினார்கள். அதாவது கிறிஸ்துமஸ் அன்று அந்த வாக்குகள் எல்லாம் எண்ணப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தன!

ஆனால் இதில் ஒரு கொடுமை. ஆண்களுக்கு 21 வயதில் வாக்கு. பெண்களுக்கோ 30 வயதாக வேண்டும், அதிலும் சொத்துத் தகுதி வேறு. குண்டு செய்த, பந்து உதைத்த இளம் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த வயது ஆகவில்லை. நாட்டுக்கு உழைக்கலாம், நிதி திரட்டலாம், வாக்கு மட்டும் கிடையாது. ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்குரிமை அவர்களுக்கு 1928-ல்தான் வந்தது.

போர் முடிந்ததும் பெண்கள் ஆட்டமும் முடிந்துவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. 1920 பாக்சிங் டே விடுமுறையில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களோடு டிக், கெர் அணி மோதியது. உள்ளே சுமார் 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். கேப்டன் ஆலிஸ் கெல் இரண்டாம் பாதியில் 3 கோல் அடித்தார். மறுபடியும் 4-0! அன்றைய வசூல் 3,000 பவுண்டுக்கும் மேல். 1921-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு விடாமல் கதவடைத்தபோது, பட்டினி கிடந்த குடும்பங்களுக்கும் பெண்கள் அணிகள் ஆடி நிதி சேர்த்தன.

இத்தனை கூட்டம் வந்தால் சும்மா விடுவார்களா? 1921 டிசம்பர் 5, அடுத்த கிறிஸ்துமஸுக்கு மூன்றே வாரம். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் அல்ல. சங்கத்தில் உள்ள கிளப்புகள் அவர்களுக்கு மைதானம் தரக் கூடாது. திரட்டிய பணம் முழுதும் தர்மத்துக்குப் போகவில்லை என்று ஒரு குற்றச்சாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். நாலு வருடம் மருத்துவமனைக்கு வாங்கிக் கொடுத்தபோது இந்தச் சந்தேகம் வரவில்லை பாருங்கள்.

டிக், கெர் பெண்கள் அடங்கிப்போகவில்லை. 1922-ல் அமெரிக்கா போய் ஆண்கள் அணிகளோடு மோதினார்கள். கிடைத்த திடல்களில் எல்லாம் ஆடினார்கள். 14 வயதில் அணிக்கு வந்த லிலி பார் சுமார் 30 வருடம் ஆடினார். அணி 1965-ல் கலைந்தது. தடை நீங்கியது 1971-ல். சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008-ல்.

2025-ல் எவர்ட்டன் ஆண்கள் அணி லிவர்பூலிலேயே புதிய மைதானத்துக்குக் குடிபோனது. காலியான குடிசன் பார்க், எவர்ட்டன் பெண்கள் அணிக்குச் சொந்த மைதானமாகியிருக்கிறது.