ஊதினா சரியாயிடுமா? வீடியோ கேம் கேசட்டும் நம்ம நம்பிக்கையும்

தொண்ணூறுகள்ல வளர்ந்தவங்களுக்கு இது மறந்திருக்காது. மே மாச லீவு. டிவி முன்னாடி ஏழெட்டுப் பசங்க. கேசட்டைச் சொருகி சுவிட்சைப் போட்டா, திரையில கட்டம் கட்டமா குப்பை. உடனே ஒருத்தன் கேசட்டை உருவி, புல்லாங்குழல் மாதிரி வாய்ல வெச்சு ஊதுவான். திரும்பப் போட்டா படம் வந்துடும். பென்னாகரத்துல எங்க தெருவுக்கு அந்த ஊதுற ஆள் நான்தான்.

செட் எங்க மாமாவோடது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், காசு சேர்த்து வாங்கிட்டு வந்தார்.

இதே ஊதுற பழக்கம் அமெரிக்காவுலயும் இருந்தது. ஏன்னு பார்க்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ஃபேமிகாம் கருவியை வெளியிட்டது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் மசயுகி உயெமுரா. கேசட்டை மேலிருந்து சொருகணும், 60 பின். அதே சமயம் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. கடைக்காரங்களுக்கு அந்தப் பேரே கசந்தது. அதனால 1985-ல் அங்கே போனபோது, அதே கருவிக்கு விசிஆர் போல வேஷம் போட்டாங்க. கேசட்டை முன்பக்கமா தள்ளி, கீழே அமுக்கணும், 72 பின். அங்கதான் சிக்கல். நாளாக நாளாக அந்தப் பின்கள் பிடிமானம் இழந்தன. போதாக்குறைக்கு, போலி கேசட்டைத் தடுக்க உள்ளே ஒரு சிப் வேற. பின் சரியா தொடலைன்னா, அது கருவியை நொடிக்கு ஒரு தரம் ரீசெட் பண்ணும். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். 1993-ல் வந்த புது மாடலில் அந்தச் சிப்பை எடுத்துட்டு, கேசட்டையும் மேலிருந்தே சொருகுற மாதிரி மாத்திட்டாங்க.

நம்ம ஊருக்கு வந்தது பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். லிட்டில் மாஸ்டர் மாதிரி. பூட்டுச் சிப் கிடையாது, விளக்கும் கண்ணடிக்காது. ஆனா பின்னும் கேசட்டும் மலிவு. பல நகல்களில் மூளை முழுக்க ஒரே கருப்புப் பிசின் பொட்டுக்குள்ள அடங்கியிருக்கும். அது போனா மெக்கானிக் கையை விரிச்சிடுவார். அவர் சரிபண்ண முடிஞ்சது அதைச் சுத்தி இருக்கிறதைத்தான்: 9 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட்டா குறைக்கிற ரெகுலேட்டர், கழுத்துல அறுந்துபோற கன்ட்ரோலர் வயர், விட்டுப்போன சால்டர், டிவியில சேனல் ட்யூனிங்.

ஒருநாள் எவ்வளவு ஊதியும் படம் வரல. தர்மபுரியில ஒரு டிவி ரிப்பேர் கடைக்கு மாமாவும் நானும் போனோம். மெக்கானிக் முதல்ல அடாப்டரை மீட்டர்ல வெச்சுப் பார்த்தார். கரண்ட் சரி. அப்புறம் கேசட்டை வெளிச்சத்துல காட்டினார். "தம்பி, பாரு. செம்புக் குடத்துல ஏறுற மாதிரி களிம்பு ஏறியிருக்கு. வாயால ஊதினியா?"

நான் மாமாவைப் பார்க்கவே இல்ல.

விஷயம் இதுதான். ஊதினதால சரியாகல, உருவித் திரும்பச் சொருகினதால சரியாச்சு. சொருகும்போது உலோகம் உரசி மேல இருக்கிற அழுக்கு விலகும், பின் புதுசா தொடும். பேர் மட்டும் நம்ம மூச்சுக்கு. மூச்சுல இருக்கிற ஈரம் உண்மையில அரிப்பைத்தான் கொண்டுவரும். ஊதாதீங்கன்னு நின்டெண்டோவே எச்சரிச்சிருக்கு. பென்சில் ரப்பரால அழுத்தித் தேய்ச்சாலும் மெல்லிய பூச்சு போயிடும். பஞ்சுக் குச்சியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு, நல்லா காயவிட்டுச் சொருகுங்க, அது போதும்.

2006-ல் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது. அதுல சிவப்பு வளையம் எரிஞ்சா, துண்டைச் சுத்திச் சூடேத்தினா சரியாகும்னு ஒரு வைத்தியம் பரவுச்சு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி விட்டுப்போன சால்டர் இணைப்புக்கு இன்னும் சூடு! சில நாள் ஓடும், அப்புறம் அடங்கிடும். 2007-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு வாரண்டியை மூணு வருஷமா நீட்டிச்சு, அதுக்காக 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்குச்சு.

வேலை செஞ்சிடுச்சுன்னா, ஏன் செஞ்சுதுன்னு யாரும் கேக்கிறதில்ல. நானும் கேக்கல.

மெக்கானிக் அன்னைக்குத் துடைச்சுக் கொடுத்தார். ஒரு வருஷம் ஓடுச்சு. மாமா கடைசிவரை என்னைத் திட்டல. செட் இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.